பிச்சாட்டூர்ப் பகுதியும் ஊர்ப் பதிவேடும்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம் என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. திருமலைக்குச் செல்லும் விரைவில் இவற்றைக் கடந்து போவது நம் வழக்கம். ஆயினும், தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வாழ்ந்த நெடுங்காலத்தின் சான்றுகள் இச்சிறு தொலைவிற்குள் நிறைந்து கிடக்கின்றன. அவற்றைக் குறித்து வைப்பவர் யார் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சுருட்டப்பள்ளியில் சிவபெருமான், நஞ்சுண்ட களைப்பால் உமையவளின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட கோலத்தில் விளங்குகிறார். நாகலாபுரத்து வேதநாராயணர் கோயில் கிருஷ்ணதேவராயரோடு தொடர்புடையது. ஊரின் பெயரே அம்மன்னரின் அன்னை நாகலாதேவியை நினைவூட்டுவது. பிச்சாட்டூர் மண்டலத்தைச் சேர்ந்த இராமகிரியோ, காரிக்கரை என்னும் பழம்பெயருடைய தேவார வைப்புத்தலம். அங்குள்ள வாலீசுவரர் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. நந்தியின் வாயிலிருந்து நீர் விழும் திருக்குளமும் உண்டு.

இத்தகைய ஊர்களின் செய்திகளைத் தொகுக்கும் முயற்சி புதியதன்று. 1783இல் இந்தியா வந்த காலின் மெக்கன்சி, நில அளவைப் பணியோடு ஊர் வரலாறுகளையும் திரட்டினார். அவருக்குக் கண்ணும் செவியுமாக இருந்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, இலட்சுமய்யா முதலிய சகோதரர்கள். ஊர்க் கணக்கர்களிடம் கேட்டு எழுதிய 'கைபீதுகள்' பல இன்றும் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. பின்னர் 1882இல் இராபர்ட் சூவெல் சென்னை மாகாணத்துத் தொல்பொருள்களின் பட்டியலை வெளியிட்டார். ஹுல்ச், வெங்கய்யா ஆகியோர் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பித்தனர். 1919இல் வி. ரங்காசாரியார் மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டவாரியாக மூன்று தொகுதிகளில் வகைப்படுத்தித் தந்தார்.

இவர்களின் உழைப்பு பெரிது. எனினும் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. கோயிலும் கோட்டையும் பட்டியலில் ஏறின. திண்ணை வீடும், சாவடியும், ஏரி மதகும், பொதுக்கிணறும் பெரும்பாலும் ஏறவில்லை. கணக்கர் சொன்னது ஏட்டில் ஏறியது. சேரியில் வாழ்ந்தவர் சொல்லக்கூடியதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியவர் அந்தந்த ஊராரே அன்றோ?

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த சித்தூர் மாவட்டம் அம்மாநிலத்தைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடவெல்லைக்காகப் போராடினர். படாஸ்கரின் பரிந்துரையைத் தொடர்ந்து 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அப்போது செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள் பல ஆந்திரத்துக்குச் சென்றன. பிச்சாட்டூர் இன்று ஆந்திரத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

இதன் விளைவு யாது? கோயிற் சுவரில் தமிழ் எழுத்து. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுத்து. அச்சுவரைப் படிக்கக்கூடியவர்களில் பலர் பிழைப்பை நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் சென்றுவிட்டனர். திருப்பணி என்ற பெயரில் சுவரில் வண்ணம் பூசப்படும்போதும், மணலைப் பாய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்யும்போதும், அழிவது இன்னதென்று எடுத்துரைக்க அருகில் ஆள் இருப்பதில்லை.

பழைய பூசல் மீண்டும் எழுமோ என்று சிலர் அஞ்சலாம். ஊரைப் பதிவு செய்வது ஊருக்கு உரிமை கோருவதாகாது. கல்வெட்டு தமிழாயின் தமிழென்று எழுதுவோம். கட்டியவர் விசயநகரத்தாராயின் அதனையும் எழுதுவோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒன்றை உறுதியாகக் கூறுவோம்: தெருப்பெயரையும் குளத்தின் பெயரையும் மொழிபெயர்த்தல் ஆகாது. மக்கள் வழங்கும் ஒலியிலேயே இரு எழுத்துகளிலும் எழுதுதல் வேண்டும். அப்போது அப்பதிவேடு இரு சாராருக்கும் பொதுவாகும்.

செய்முறையும் எளிதே. கைப்பேசி இன்று எல்லோரிடமும் உண்டு. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் படம் எடுத்தால், தேய்ந்த எழுத்தும் நிழலால் துலங்கும். சுவரைச் சுரண்டுதலும் மாவு தடவுதலும் கூடாது. ஒவ்வொரு படத்தோடும் நாள், இடம், நோக்கும் திசை, செய்தி சொன்னவர் இன்ன வயதினர் என்பவற்றைக் குறிக்க வேண்டும். இருவர் இருவகையாகச் சொன்னால், இரண்டையும் எழுதுக. தீர்ப்புப் பின்னால் வரட்டும்.

ஆரணியாற்றின் குறுக்கே பிச்சாட்டூரில் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் உபரிநீர் திறக்கப்படும்போது, எல்லைக்கு இப்பாலுள்ள ஊத்துக்கோட்டையில் தரைப்பாலம் மூழ்கியதுண்டு. அந்நீர் பழவேற்காட்டை நோக்கிச் செல்கிறது. மேல் ஊரின் செய்தி கீழ் ஊருக்கு இன்றியமையாதது என்பதை ஆறு நமக்கு ஆண்டுதோறும் உணர்த்துகிறது.

ஆதலின், பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களே, அடுத்த விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது, மூத்தோர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு ஒரு தெருவையேனும் முழுமையாக எழுதி வாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.