கணினியை விரைவுபடுத்தும் மென்பொருள்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற மாதம் கிள்ளானில் ஒரு மாணவனின் தாயார் தம் மகனின் மடிக்கணினியை என்னிடம் கொண்டு வந்தார். "சார், திறப்பதற்கே பத்து நிமிடம் ஆகிறது. பணம் கட்டினால் வேகமாகிவிடும் என்று காட்டுகிறது, கட்டலாமா?" என்று கேட்டார். திரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 'பிழைகள்' சிவப்பு நிறத்தில் வரிசை கட்டி நின்றன. அவற்றைக் களைய ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டுமாம். அவர் கேட்ட கேள்விக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு வரலாறு உண்டு.

தொடக்கத்தில் இத்தகைய மென்பொருள்கள் உண்மையாகவே பயன்பட்டன என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பீட்டர் நார்ட்டன் 1982-இல் வெளியிட்ட நார்ட்டன் யுடிலிட்டீஸ் அழிந்த கோப்பை மீட்டுத் தந்தது. பின்னர் அத்தொகுப்பில் வட்டை ஒழுங்குபடுத்தும் கருவியும் சேர்ந்தது. அக்கால வன்தட்டு சுழலும் தகடு. ஒரு கோப்பு பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், அதைப் படிக்கும் முனை அங்குமிங்கும் அலைய வேண்டும். துண்டுகளை அடுத்தடுத்து அடுக்கினால் அலைச்சல் குறையும், வேகமும் கூடும். இதில் மாயம் எதுவுமில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனமே 1993-இல் எம்எஸ்-டாஸ் 6 பதிப்பில் இத்தகைய கருவியை, நார்ட்டன் தொகுப்பை அப்போது விற்றுவந்த சிமாண்டெக்கிடம் உரிமம் பெற்றுச் சேர்த்தது. அதாவது, வெளியார் செய்த வேலையை இயங்குதளம் தானே ஏற்கத் தொடங்கியது. விற்பவருக்கு அன்றே தொல்லை தொடங்கிவிட்டது எனலாம்.

1995-இல் விண்டோஸ் 95 வந்தது. 4 மெகாபைட் நினைவகம் போதும் என்றார்கள். அதில் அது தவழ்ந்தது. நினைவகமோ மெகாபைட்டுக்கு 30 டாலருக்கும் மேல் விற்ற காலம். அந்த நெருக்கடியில்தான் சின்குரோனிஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 'சாஃப்ட்ரேம் 95' என்ற மென்பொருளை விற்றது. உள்ளே இருப்பதைச் சுருக்கி வைத்து நினைவகத்தை இரட்டிப்பாக்கும் என்பது விளம்பரம். பல இலட்சம் பிரதிகள் விலை போயின. மார்க் ருசினோவிச் போன்ற வல்லுநர்களும் ஜெர்மானிய இதழ் ஒன்றும் அதைப் பிரித்துப் பார்த்தபோது, விண்டோஸ் 95-இல் அது நினைவகத்தைச் சுருக்கவே இல்லை என்று தெரிந்தது. 1996-இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் தலையிட்டது. 1998-இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. நான் வியப்பது வேறொன்றை. வாங்கியவர்களில் பலர் தம் கணினி வேகமாகிவிட்டதாகவே நம்பினார்கள். காசு கொடுத்தவன் மனம் அப்படித்தான் போலும்!

நம் ஊருக்கு வருவோம். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் கிடைத்தன. பள்ளிகளிலோ நன்கொடையாக வந்த பழைய கணினிகள். இம்பி பிளாசாவிலும், 1999-இல் திறக்கப்பட்ட லோ யாட் பிளாசாவிலும் அலைந்து திரிந்த எங்களைப் போன்றோர் 'நினைவக மேம்படுத்தி' என்ற வகை மென்பொருள்களை ஆர்வத்தோடு நிறுவினோம். பொத்தானை அழுத்தினால் காலி நினைவகத்தின் அளவு உயரும், உள்ளம் குளிரும். உண்மையில் நடந்தது என்ன? திறந்திருந்த நிரல்களின் தரவை அது வன்தட்டுக்குத் துரத்தியது. மீண்டும் அந்நிரலைத் தொட்டதும் அத்தரவெல்லாம் வட்டிலிருந்து ஊர்ந்து வரவேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 128 மெகாபைட் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அதே அளவில் நச்சுநிரல் தடுப்பான் ஒன்றும் ஓடினால் எந்தக் கருவியால் என்ன செய்ய இயலும்? அப்போது எங்கள் கணினி அறைக்கு உயிர் கொடுத்தது, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் வாங்கிய கூடுதல் நினைவகத் தகடுகளே.

'ரெஜிஸ்ட்ரி' துப்புரவாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலட்சக்கணக்கான பதிவுகளுள் சில நூறை நீக்குவதால் வேகம் கூடாது. தவறானதை நீக்கினால் கணினி முடங்கலாம். வட்டு ஒழுங்குபடுத்துதலை 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா வாரந்தோறும் தானே செய்தது. திட நிலை வட்டில் அலையும் முனையே கிடையாது.

சிவப்பு எச்சரிக்கைகளின் யோக்கியதைக்கு ஒரு சான்று மட்டும் தருகிறேன். ஆபீஸ் டிப்போ என்னும் அமெரிக்கக் கடைத்தொடர் வாடிக்கையாளரின் கணினியை இலவசமாகச் சோதித்து வந்தது. 'கணினி மெதுவாக உள்ளதா' என்பது போன்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று குறித்தாலே, தீய நிரல் அறிகுறி இருப்பதாக அந்தச் சோதனை அறிவித்தது. 2019-இல் அக்கடையும் மென்பொருள் வழங்கிய நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் செலுத்த இணங்கின.

கிள்ளான் மடிக்கணினியின் கதையை முடிக்கவில்லை. அதைத் திறந்து பார்த்தேன். 4 ஜிகாபைட் நினைவகம், சுழலும் வன்தட்டு. கணினியை இயக்கியவுடன் தாமாகத் தொடங்கும் நிரல்கள் பதினான்கு. அவற்றுள் ஒன்று அந்த 'விரைவுபடுத்தி'யேதான்! பதினொன்றை நிறுத்தினேன். திறக்கும் நேரம் நான்கு நிமிடமாயிற்று. சந்தா கட்ட எடுத்து வைத்திருந்த பணத்தைத் திட நிலை வட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். வருகிற சனிக்கிழமை மாணவனையும் அழைத்துக்கொண்டு லோ யாட் போகிறோம்.