டி.எஸ்.எஸ். ராஜனும் முப்பது சதவீதமும்

2020-ல் முகக்கவசம் போடாதவர்களுக்கு இருநூறு ரூபாய் அபராதம் போட்டார்களே, அது எந்தச் சட்டத்தில் என்று பார்க்கப் போய்த்தான் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தேன். 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம். அன்றைய சென்னை மாகாணத்தில், ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார மந்திரியாக இருந்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன்.

1880-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். ராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்து, பர்மாவில் வேலை பார்த்து, மேல்படிப்புக்கு லண்டன் போனார். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கர், வ.வே.சு. ஐயர் சகவாசம். திரும்பி வந்து திருச்சியில் டாக்டர் தொழில். 1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யம் உப்பு யாத்திரை சுமார் நூறு பேரோடு கிளம்பியது இவர் வீட்டிலிருந்துதான். அப்புறம் ஜெயில். இதெல்லாம் ஓரளவு எழுதப்பட்ட கதை. அவரே 'நினைவு அலைகள்' என்று சுயசரிதை எழுதியிருக்கிறார்.

1937 ஜூலையில் மந்திரியானபோது அவருக்குக் கிடைத்தது இரண்டு இலாகா: பொதுச் சுகாதாரம், அறநிலையம். சம்பந்தமில்லாத ஜோடி மாதிரி தெரியும். ஆனால் அந்தக் காலத்துத் திருவிழாவை யோசித்துப் பாருங்கள். கூட்டம், ஒரே குளம், ஒரே கிணறு, அதோடு காலரா. ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சட்டத்தில் சந்தை, திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. கொசு, குடிநீர், சாக்கடை, தாய்-சேய் நலம், தங்கும் விடுதி என்று மற்றதும் உண்டு.

என்னை நிறுத்திய இடம் வேறு. நகராட்சிகள், அரசு மானியம் நீங்கலான தங்கள் வருமானத்தில் குறைந்தது 30 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கியே ஆகணும் என்கிறது ஒரு பிரிவு. ஜில்லா போர்டுகளுக்குப் பன்னிரண்டரை சதவீதம். எங்கள் தொழிலில் இதை ஹார்ட்கோட் பண்ணுவது என்போம், பொதுவாகத் திட்டு வாங்கும் காரியம். "போதிய நிதி ஒதுக்க வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 'போதிய' என்ற சொல்லுக்கு யாரையும் கேள்வி கேட்க முடியாது. முப்பது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து கேட்கலாம். அதிலும் ஸ்தல ஸ்தாபன இலாகா இவர் கையில் இல்லை, கோபால ரெட்டியிடம் இருந்தது. அடுத்த மந்திரியின் வீட்டுப் பணப்பெட்டியில் சுகாதாரத்துக்குப் பங்கு கேட்டு எழுதின மாதிரிதான் எனக்குப் படுகிறது. சட்டத்தை வரைந்த அதிகாரிகள், சுகாதாரத் துறையின் பழைய அனுபவம் எல்லாம் இதில் சேர்த்தி. மொத்தப் பெருமையையும் ஒருத்தர் தலையில் கட்டக் கூடாது.

அதே 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துப் போனார். அவர்கள்மேல் வழக்கு வராமல் பாதுகாக்கும் அவசரச் சட்டமும், பின்னாலேயே ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தன. அறநிலைய மந்திரி இவர்தான்.

அக்டோபரில் யுத்தத்தைக் காரணம் காட்டி மந்திரிசபை ராஜினாமா செய்தது. ஆக, இரண்டேகால் வருஷம்தான். சட்டத்தை நடத்திப் பார்க்க இவருக்கு அவகாசமே இல்லை. சுதந்திரத்தை ஒட்டி மறுபடியும் மந்திரியானார், 1953-ல் காலமானார்.

உங்கள் ஊர் நகராட்சி பட்ஜெட் கிடைத்தால் சுகாதாரத் தலைப்பைக் கூட்டிப் பாருங்கள். நான் எங்கள் ஊருடையதைக் கேட்டு மனு போட்டிருக்கிறேன்.