உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ‘ஜி3ஏ’ எங்கிருந்து வந்தது?



உங்களில் பலருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. முன்பு பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியவர்கள் இப்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பி, “டீச்சர், இதில் ஜி3ஏ என்று போட்டிருக்கிறதே, பயப்படணுமா?” என்று கேட்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. அதற்கான பதிலை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அந்த எழுத்தும் எண்ணும் அங்கே வந்து உட்கார்ந்த கதையைப் படித்தேன். அதை மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் இருந்தார். உடம்பு வீங்கி வருகிறவர்களின் சிறுநீரைக் கரண்டியில் விட்டு மெழுகுவர்த்தியில் காட்டுவார். சிலருடையது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துத் திரியும். அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறது என்று அர்த்தம். அவர்கள் இறந்தபின் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும். 1827இல் இதை நூலாக வெளியிட்டார். நூறு வருஷத்துக்கும் மேல் அந்த நோய்க்கு ‘பிரைட் நோய்’ என்றே பெயர். கண்டுபிடிக்க முடிந்தது, காப்பாற்ற வழியில்லை.

வழி பிறந்தது போர்க்காலத்தில். ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில் வில்லெம் கோல்ஃப் என்பவர் மரச்சட்ட உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றி ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் செய்தார். 1943இல் தொடங்கிய முயற்சியில் முதல் வெற்றி 1945இல்தான் கிடைத்தது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். அதன் பிறகே ஒருவருக்கு வாரா வாரம் வருஷக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய முடிந்தது.

ஆனால் மெஷின் கொஞ்சம், நோயாளிகள் நிறைய. யாருக்குக் கொடுப்பது? சியாட்டிலில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு போட்டார்கள். அதில் வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், ஒரு குடும்பத்தலைவி எல்லாம் உண்டு. பெயரை வெளியே சொல்லாமல் இவர்கள் உட்கார்ந்து கல்யாணமானவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை என்றெல்லாம் பார்த்து முடிவு செய்தார்கள். 1962இல் ‘லைஃப்’ பத்திரிகை இதை எழுதியதும் நாடே அதிர்ந்தது. பத்து வருஷம் கழித்து, 1972இல், டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் சட்டம் வந்தது.

பணம் வந்ததும் மையங்கள் பெருகின. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குச் செய்தது. 1989இல் டல்லஸ் நகரில் மருத்துவர்கள் கூடி ஒப்பிட்டபோது, அமெரிக்க டயாலிசிஸ் நோயாளிகள் ஐரோப்பா, ஜப்பானைவிட அதிகம் இறப்பது தெரிந்தது. எவ்வளவு நேரம் சுத்திகரித்தால் போதும் என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. 1995இல் நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன் ஆராய்ச்சிகளைத் திரட்டத் தொடங்கியது. 1997இல் முதல் வழிகாட்டி நெறிமுறைகள் வந்தன. பெரும் பணம் கொடுத்தது ஆம்ஜென் என்ற மருந்துக் கம்பெனி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

2002இல் அதே அமைப்பு செய்ததுதான் நம் ரிப்போர்ட்டின் ஆரம்பம். அதுவரை ‘ரீனல் இன்சஃபிஷியன்சி’, ‘ப்ரீ-டயாலிசிஸ்’ என்று ஆளுக்கொரு பெயர். பாதிப்பு மூன்று மாதம் நீடித்தால் ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்று ஒரே பெயர் வைத்து, வடிகட்டும் திறனைக் கொண்டு ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். 90, 60, 30, 15 என்பவை எல்லைகள். ‘ரீனல்’ என்ற லத்தீன் வழிச் சொல்லை விட்டு, நோயாளிக்கும் புரியட்டும் என்று ‘கிட்னி’ என்றே எழுதினார்கள். மொழி சொல்லிக்கொடுத்தவளுக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்போது ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா என்று ஒவ்வொருவரும் தனித்தனி வழிகாட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். படித்தது ஒரே ஆராய்ச்சிகள், எழுதிய எண்கள் வேறு. ஒரே விடைத்தாளைப் பல பேர் திருத்திப் பல மார்க் போட்ட மாதிரி. அமெரிக்காவின் காராபெட் எக்னோயனும் பெல்ஜியத்தின் நோர்பர்ட் லமேரும் தலைமை ஏற்க, 2003இல் கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற உலக அமைப்பு உருவானது. அதன் முதல் வழிகாட்டி 2008இல் ஹெபடைடிஸ் சி பற்றி வந்தது.

இதற்கிடையே நடந்த ரத்தசோகைக் கதையைக் கேளுங்கள். சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஊறுவதும் குறையும். அதற்கு எரித்ரோபொய்ட்டின் ஊசி. அமெரிக்காவில் அதை 1989இல் கொண்டுவந்தது அதே ஆம்ஜென். ஹீமோகுளோபின் 11 முதல் 12 இருக்கட்டும் என்றது 1997 வழிகாட்டி. 2006இல் மேல் எல்லையை 13 வரை தளர்த்தினார்கள். ஏறினால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். அதே வருஷக் கடைசியில் 1,432 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு வெளியானது. 13.5ஐக் குறிவைத்து ஊசி போட்டவர்களுக்கு மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 11.3ஐக் குறிவைத்தவர்களைவிட அதிகம். கம்பெனிப் பணத்தில் எழுதிய வழிகாட்டியை எப்படி நம்புவது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2007இல் எல்லை மறுபடி 11–12க்கே இறங்கியது. 2009இல் நாலாயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், ஊசி போட்டவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதனால்தான் உலக அமைப்பின் 2012 ரத்தசோகை வழிகாட்டியில் எனக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. பல வாக்கியங்களுக்குப் பக்கத்தில் மதிப்பெண். 1 என்றால் ‘பரிந்துரைக்கிறோம்’, 2 என்றால் ‘யோசனை சொல்கிறோம்’. ஏ முதல் டி வரை ஆதாரத்தின் பலம். வேண்டுமென்றே 13க்கு மேல் ஏற்றாதீர்கள் என்பதற்கு 1ஏ. பொதுவாக 11.5க்கு மேல் ஊசியால் நிறுத்தி வைக்க வேண்டாம் என்பதற்கு 2சி. எதில் உறுதி, எதில் இல்லை என்று படிக்கிறவருக்கே தெரிந்துவிடுகிறது. உறுப்பினர் யார் எந்தக் கம்பெனியோடு தொடர்பு என்பதும் அச்சாகிறது. கம்பெனி ஆதரவு அந்த அமைப்புக்கும் உண்டு. ஆனால் தனியொரு வழிகாட்டிக்கென்று பணம் வாங்குவதில்லை என்பது விதி. 2020இல் சர்க்கரை நோய் வழிகாட்டி எழுதிய குழுவில் நோயாளிகளே உறுப்பினர்கள்.

ஐந்து படிகளிலும் குறை இருந்தது. மூன்றாம் படியில் ஏராளமான முதியவர்கள் திடீரென்று நோயாளி ஆனார்கள். எனவே 2012இல் அதை 45இல் வெட்டி 3ஏ, 3பி ஆக்கினார்கள். சிறுநீரில் அல்புமின் எவ்வளவு என்பதற்கும் ஏ1, ஏ2, ஏ3 என்று தனிப்படி சேர்த்தார்கள். பிரைட்டின் கரண்டி 185 வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. ஆகவே பிள்ளைகளே, கிரியாட்டினின் மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள், சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தக் கரண்டிக்கு எட்டாததும் உண்டு. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்திலும், இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. அவர்களில் பலருக்கு அல்புமின் அதிகம் ஒழுகுவதில்லை. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. அங்கே ரத்தப் பரிசோதனையை விட்டால் ஆரம்பத்தில் கண்டுபிடிக்க வேறு எளிய வழி இல்லை.