தோல்விக் கணக்கு யார் பெயரில்? - ஒரு கோச்சின் கதை

ஒரு அணி தோற்றுவிட்டால் என்னென்ன காரணங்கள் வரும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். மைதானம் ஈரம், நடுவர் மோசம், முக்கியமான ஆளுக்குக் காயம், அதிர்ஷ்டம் இல்லை... எதுவுமே கிடைக்காவிட்டால் கடைசியில் 'பசங்க சரியா ஆடல' என்று முடித்துவிடுவார்கள்.

பசங்கள் மேல் தப்பில்லை, தப்பு என் மேல்தான் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, வேலையையும் விட்டு விலகிய ஒரு கோச்சைப் பற்றியது இந்தக் கட்டுரை. பெயர் பால் பிரையன்ட். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 1958 முதல் 1982 வரை 25 சீசன்கள் கால்பந்து கோச்சாக இருந்தவர். சிறுவயதில், ஊருக்கு வந்த வித்தைக்காரரின் கரடியோடு மல்லுக்கு நின்றாராம். அதனால் கடைசி வரை அவருக்குக் 'கரடி' என்றே பட்டப்பெயர்!

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே கால்பந்து என்றால் நாம் ஆடுகிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கவசம் மாட்டிய ஆட்கள் முட்டி மோதி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டங்களுக்கே பல்லாயிரக்கணக்கானோர் கூடுவார்கள். அலபாமா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஆகவே பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் மானம், கௌரவம் எல்லாம். அதன் கோச்சுக்குக் கவர்னருக்கு நிகரான செல்வாக்கு.

ஆனால் ஆடுபவர்கள் யார்? 18, 20 வயது மாணவர்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவுக்கு உதவித்தொகை மட்டும்தான். அவர்களைத் தேர்ந்தெடுப்பது, யாரை எந்த இடத்தில் ஆடவைப்பது, எப்படி ஆடவைப்பது என எல்லாவற்றையும் முடிவு செய்வது கோச். அதிகாரம் முழுக்க அவர் கையில். அப்படியானால் தோல்வி மட்டும் எப்படி மாணவன் கணக்கில் போகும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேலே ஏறிய கதை

பிரையன்ட் 1913ல் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அலபாமாவில் மாணவராக இருந்து அதே அணிக்கு ஆடியவர். கோச்சாக மேரிலாந்து, கென்டக்கி, டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்று மூன்று இடங்களில் வேலை பார்த்துவிட்டு அலபாமாவுக்குத் திரும்பினார்.

மனிதர் ஒன்றும் மகாத்மா இல்லை. 1954ல் டெக்சாசில் கோச்சாகச் சேர்ந்தவுடன் மாணவர்களை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்கு அழைத்துப்போய், கொளுத்தும் வெயிலில், குடிக்கத் தண்ணீர்கூடச் சரியாகக் கொடுக்காமல் 10 நாள் வாட்டி எடுத்தார். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஓடிப்போனார்கள். அந்த வருடம் அணி ஜெயித்தது 1, தோற்றது 9. அவர் வாழ்க்கையில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக இருந்த ஒரே சீசன் அதுதான். (இன்று இப்படி ஒரு முகாம் நடத்தினால் கோச் உள்ளே போகவேண்டியிருக்கும்!)

அலபாமாவில் அவர் கொடி பறந்தது. 1961, 1964, 1965 என்று மூன்று முறை தேசிய சாம்பியன். 1966ல் ஆடிய 11 ஆட்டத்திலும் வெற்றி.

முதல் சறுக்கல்: 1969, 1970

அப்புறம் சறுக்கல் ஆரம்பித்தது. 1967ல் 2 தோல்வி, 1968ல் 3 தோல்வி. 1969ல் 6 வெற்றி, 5 தோல்வி. பரம எதிரியான ஆபர்ன் பல்கலைக்கழகம் 49-26 என்று வெளுத்து வாங்கியது. 1970ல் 6 வெற்றி, 5 தோல்வி, 1 டிரா. வேறு யாராவது என்றால் சுமாரான கணக்கு என்று விட்டுவிடலாம். மூன்று முறை சாம்பியன் ஆனவருக்கு இது அவமானம். கிழவருக்குக் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு கிளம்பியது.

என்ன காரணம்? பிரையன்ட்டின் பழைய அணிகளில் ஆட்கள் உருவத்தில் சிறியவர்கள், ஆனால் சுறுசுறுப்பானவர்கள். 1960களின் நடுவில் விதிகள் மாறி, ஆட்களை விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனது. தாக்க ஒரு படை, தடுக்க ஒரு படை என்று பெரிய உருவம் கொண்டவர்களை வைத்து மற்ற அணிகள் வளர்ந்தன. அலபாமா பழைய பாணியிலேயே நின்றது.

இன்னொரு காரணம், எல்லோருக்கும் தெரிந்தும் பேசத் தயங்கியது. அலபாமா அணி முழுக்க வெள்ளையர் அணி. 1963ல் இரண்டு கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழையக்கூடாது என்று கவர்னர் ஜார்ஜ் வாலஸ் கட்டிட வாசலில் போய் நின்றாரே, அதே பல்கலைக்கழகம்தான் இது. மாநிலத்தில் திறமையான கறுப்பின இளைஞர்கள் ஏராளம். அவர்கள் வேறு ஊர்களுக்குப் போய் ஆடினார்கள். 1967ல் சில கறுப்பின மாணவர்கள் உதவித்தொகை இல்லாமலே பயிற்சிக்கு வந்து பார்த்தார்கள். யாரும் ஆட்டத்தில் இறங்கவில்லை. 1969ல் கறுப்பின மாணவர் அமைப்பு நீதிமன்றத்துக்கே போனது. வழக்கில் பிரையன்ட்டின் பெயரும் இருந்தது.

1970 செப்டம்பர் 12. பர்மிங்ஹாம் நகரில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். அந்த அணியில் பந்தை எறிபவர், பந்தோடு ஓடும் முக்கிய இருவர் என மூன்று பேருமே கறுப்பின மாணவர்கள். அதில் கிளாரன்ஸ் டேவிஸ் பிறந்ததே பர்மிங்ஹாமில்தான்! சாம் கன்னிங்ஹாம் என்ற இளைஞர் 12 முறை பந்தை வாங்கி 135 கஜம் ஓடி இரண்டு டச் டவுன் எடுத்தார். முடிவு 42-21. சொந்த மண்ணில் அலபாமா சுருண்டது.

இந்த ஆட்டத்தைச் சுற்றி ஒரு புராணமே உண்டு. மார்ட்டின் லூதர் கிங் 20 வருடத்தில் சாதிக்காததைக் கன்னிங்ஹாம் 60 நிமிடத்தில் சாதித்துவிட்டார் என்றுகூடச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரை அந்த ஆட்டத்துக்கு முன்பே அலபாமா உதவித்தொகை கொடுத்துச் சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆடக்கூடாது என்ற விதி இருந்ததால் அன்று அவர் பார்வையாளர் வரிசையில்தான் இருந்தார். வழக்கு, போராட்டம், மாணவர்களின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து திறந்த கதவு அது. அன்றைய தோல்வி, கதவைத் திறந்தது சரிதான் என்று ரசிகர்களுக்கும் உறைக்க வைத்தது. அவ்வளவே.

பேச்சைக் குறைத்து வேலையை மாற்றினார்

1970 முடிந்ததும் பிரையன்ட் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உதவியாளர்களைப் பலி கொடுக்கவில்லை. பசங்களைத் திட்டி அறிக்கை விடவில்லை. 57 வயதில், தனக்குத் தெரிந்த ஆட்டமுறை போதாது என்று முடிவு செய்து, இன்னொரு கோச்சிடம் பாடம் கேட்கப் போனார்!

டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோச் டாரல் ராயல் அப்போது 'விஷ்போன்' என்ற புதிய முறையில் வெற்றி மேல் வெற்றி குவித்துக்கொண்டிருந்தார். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று பேர் கோழியின் கவட்டை எலும்பு வடிவத்தில் நிற்பார்கள். பந்து யாரிடம் போகும் என்பதை, எதிராளி நகர்வதைப் பார்த்து அந்த நொடியில் குவார்ட்டர்பேக் முடிவு செய்வார். பிரையன்ட் அதைக் கற்றுக்கொண்டு வந்து, 1971 சீசனுக்குச் சில வாரங்களே இருக்கும்போது மொத்த அணியையும் அதற்கு மாற்றினார். அதுவும் பரம ரகசியமாக. பத்திரிகைக்காரர்கள் வரும்போது பழைய முறையிலேயே ஆடிக் காட்டினார்களாம்.

1971 செப்டம்பர் 10, லாஸ் ஏஞ்சலஸ். அதே தெற்குக் கலிபோர்னியா அணி. இந்த முறை அலபாமா 17-10 என்று ஜெயித்தது. பிரையன்ட்டுக்கு அது 200வது வெற்றி. அன்று அலபாமாவுக்காக இறங்கிய ஜான் மிட்செல், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர். அடுத்த ஆண்டு அவர் இணைத் தலைவர். 1973ல் அங்கேயே உதவிப் பயிற்சியாளர்.

1971 முதல் 1979 வரை ஒன்பது சீசன்களில் 97 வெற்றி, 11 தோல்வி. 1973, 1978, 1979ல் மறுபடி தேசியப் பட்டம். பொறுப்பு ஏற்பது என்றால் மைக் முன்னால் நின்று வருத்தம் தெரிவிப்பது மட்டும் இல்லை, அடுத்த நாள் எதை மாற்றுகிறோம் என்பதும்தான் என்று இந்த எண்கள் சொல்கின்றன.

கடைசி சீசன்: 1982

1981ல் அவர் 315வது வெற்றியைப் பெற்று, ஏமஸ் அலான்சோ ஸ்டாக் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

1982 அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. முதல் 5 ஆட்டமும் வெற்றி. அந்த வருடம் தேசிய சாம்பியன் ஆன பென் ஸ்டேட் அணியையே 42-21 என்று தோற்கடித்தார்கள். பிறகு என்ன ஆனது பாருங்கள். 11 வருடமாக ஜெயிக்காத டென்னசி ஜெயித்தது. லூசியானா ஸ்டேட் ஜெயித்தது. டஸ்கலூசாவில் பிரையன்ட்டின் பெயரையே தாங்கிய சொந்த மைதானத்தில் தொடர்ந்து 57 வெற்றி கண்டிருந்த அணியைத் தெற்கு மிசிசிப்பி என்ற சின்ன அணி 38-29 என்று வீழ்த்தியது. கடைசியாக ஆபர்ன், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 23-22. ஒன்பது வருடத் தோல்விக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த வெற்றி. கடைசி நிமிடங்களில் குவியலுக்கு மேலே எகிறிக் குதித்து வெற்றிப் புள்ளியை எடுத்தவர் போ ஜாக்சன் என்ற முதலாண்டு மாணவர்.

7 வெற்றி, 4 தோல்வி. டிசம்பர் 15 அன்று பிரையன்ட் நிருபர்களை அழைத்தார். இது நான் படித்த பள்ளி, இதை நேசிக்கிறேன், என் வீரர்களையும் நேசிக்கிறேன். ஆனால் இந்த வருடம் என்னிடமிருந்து கிடைத்ததைவிட நல்ல பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் - இதுதான் அவர் சொன்னதன் சாரம். கோச் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவரை யாரும் விரட்டவில்லை. 69 வயதில், உடம்பு சரியில்லாத நிலையில், 'வயசாகிவிட்டது, ஓய்வு எடுக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் கண்ணீரோடு மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்த வசதியான காரணத்தைப் பயன்படுத்தாமல், என் வேலை தரமாக இல்லை என்று சொன்னார். அந்த 20 வயதுப் பையன்கள், தங்களால்தான் ஒரு மகத்தான மனிதரின் கடைசி வருடம் கெட்டது என்ற பாரத்தைச் சுமக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

டிசம்பர் 29 அன்று மெம்பிஸ் நகரில் கடைசி ஆட்டம். இல்லினாய் அணியை 21-15 என்று வென்றார்கள். மொத்தம் 323 வெற்றி. நான்கே வாரத்தில், 1983 ஜனவரி 26 அன்று மாரடைப்பில் இறந்தார். டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் வரை நெடுஞ்சாலை ஓரங்களிலும் மேம்பாலங்களிலும் ஜனங்கள் நின்று வழியனுப்பினார்கள்.

இன்னொரு கணக்கு

இதோடு முடித்தால் இது வெறும் துதி ஆகிவிடும். தோல்வி வந்தால் அது என்னால், சுமாராக நடந்தால் அது நம்மால், பிரமாதமாக நடந்தால் அது உங்களால் என்பது பிரையன்ட் வீரர்களிடம் சொன்னதாக இன்றும் சொல்லப்படும் தத்துவம். ஸ்கோர் போர்டு விஷயத்தில் அவர் அதற்கு உண்மையாக இருந்தார். 1958 முதல் 1969 வரை சேர்க்கப்படாமலே போன கறுப்பின இளைஞர்கள் விஷயத்தில்? அன்றைய சூழ்நிலை, கவர்னர், ரசிகர்கள் என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அலபாமாவில் அவரளவு செல்வாக்கு உள்ளவர் யார்? அவர் 1963ல் ஒரு வார்த்தை உரக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில், மைதானம் ஈரம் என்பது போன்ற ஒரு காரணம்தான் இருக்கிறது.

ஆகவே பிரையன்ட்டிடம் கற்றுக்கொள்ள இரண்டும் இருக்கிறது. அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ தோல்வியும் அவர் கணக்கில்தான் எழுதப்படவேண்டும் என்பதை அவர் 1982ல் செய்து காட்டினார். ஸ்கோர் போர்டில் வராத தோல்விகளும் அதே கணக்கில்தான் சேரும் என்பதை, ஜாக்சனும் மிட்செலும் வருவதற்கு முன் திறமை இருந்தும் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட முடியாமல் போன இளைஞர்கள் நமக்குச் சொல்கிறார்கள்.