கெரெ என்னும் சிறை: பெங்களூரின் நீரைக் காத்தவர் யார்?

கன்னடத்தில் ஏரியைக் குறிக்கும் சொல் 'கெரெ'. தெலுங்கில் அது 'செருவு', மலையாளத்தில் 'சிற'. இவற்றுக்கு இனமான தமிழ்ச் சொல் 'சிறை'. தமிழ்ச் 'செவி'க்குக் கன்னடத்தில் 'கிவி' இருப்பது போலவே இதுவும். தொல்திராவிடச் சொல்முதல் ககரம் இ, எ ஆகிய உயிர்களின் முன் தமிழில் சகரமாகத் திரிந்தது. கன்னடம் அதைத் திரியாமல் வைத்துக்கொண்டது. இன்று 'சிறை' என்றால் காவற்கூடமே நினைவுக்கு வருகிறது. ஆயினும் அணை, கரை, தேக்கிய நீர் என்னும் பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. ஏரியின் நீர்வாயிலைக் கன்னடர் 'தூபு' என்பர். அது தமிழின் 'தூம்பு'. தேக்கிக் காக்கப்படும் நீரே ஏரி என்ற புரிதல் இச்சொற்களிலேயே பொதிந்துள்ளது. காக்கப்படுவது என்றால், காப்பவர் ஒருவர் வேண்டும். அவர் யார் என்பதே பெங்களூரின் நீர் வரலாற்றின் மையக் கேள்வி.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், நீர்பிரி மேட்டின் மீது அமைந்த ஊர் பெங்களூரு. பேராறு எதுவும் அதன் வழியே ஓடவில்லை. மேட்டின் மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்கே விழும் மழை தென்பெண்ணையில் கலந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தமிழகத்துக்குள் வருகிறது. இத்தகைய நிலத்தில் குடியேறியவர்கள் பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரை எழுப்பி, ஓர் ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு சங்கிலித் தொடரை அமைத்தனர். காடுகோடியில் உள்ள 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, இராசேந்திர சோழன் காலத்தில் பட்டந்தூர் ஏரி தூம்புகளுடன் அமைக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கெம்பெ கௌடர் கோட்டையும் பேட்டையும் எழுப்பியபோது தர்மாம்புதி, கெம்பாம்புதி போன்ற ஏரிகளும் உடன் எழுந்தன. நகரம் வளர்வதற்கு முன் நீர் தேங்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை அறிவு.

கரை கட்டியவரின் பெயர் கல்லில் நின்றது. நாள்தோறும் அக்கரையைக் காத்தவரின் பெயர் எங்கும் இல்லை. கன்னட நாட்டில் அவரை 'நீருகண்டி' என்றனர். தமிழகத்தில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி, மடைக்குடும்பன் என வட்டாரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. தூம்பைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்று முடிவு செய்வதும், மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையைச் சுற்றி வருவதும் அவரது பணி. விளைச்சலில் ஒரு பங்கோ மானிய நிலமோ ஊதியமாகக் கிடைத்தது. மண்ணின் தன்மை, நீரின் அளவு, குடிகளின் உரிமை ஆகிய மூன்றையும் ஒருசேர அறிந்தவர் அவர். அந்த அறிவைத் தந்தையுடன் கரையில் நடந்தே கற்றார். இன்றைய கலைச்சொற்களில் கூறினால், பயிற்சியும் கள ஆய்வும் சமூகப் பங்கேற்பும் ஒரே மனிதரிடம் குடிகொண்டிருந்தன.

இதைப் பொற்காலமாகக் கருத இடமில்லை. நீருகண்டிகளில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பிறப்பால் வந்த பணியை மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தாம் பங்கிட்ட நீரால் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி பிறருடையது. ஆகவே, பரம்பரை ஊர்ப்பணிகளை ஒழித்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் சமூக நீதியின் பார்வையில் தேவையானதே. ஆனால் அடிமைத்தன்மையை ஒழித்த அச்சட்டத்துக்குப் பின், அப்பணியில் அடங்கியிருந்த அறிவை மதிப்புடைய ஊதியப் பணியாக மாற்றும் முயற்சி நடைபெறவில்லை. தூம்பு இருந்தது, திறப்பவர் இல்லாமற் போனார்.

நகரத்துக்குள் இம்மாற்றம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1870களின் பெரும்பஞ்சத்தில் ஏரிகளும் கிணறுகளும் வற்றின. அதன்பின் மைசூர் அரசு அர்க்காவதியை நாடியது. 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் வழியே நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் அதனுடன் சேர்ந்தது. குழாய்நீர் நோயைக் குறைத்தது, பெண்களின் சுமையைத் தணித்தது; அதன் நன்மை மறுக்க முடியாதது. ஆயினும் நீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும், அருகிலிருந்த ஏரி வெறும் நிலமாகத் தெரியத் தொடங்கியது. தர்மாம்புதி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. சம்பங்கி ஏரியை நம்பித் தோட்டப்பயிர் செய்தவர்கள் வன்னிகுல சத்திரியர் எனப்படும் திகளர்கள். தமிழ் வேர்களைக் கொண்ட அச்சமூகம் இன்றும் கரகத் திருவிழாவின்போது, அரங்கின் அருகே எஞ்சியுள்ள சிறு குளத்துக்கு வருகிறது. ஏரி போன பின்னும் சடங்கு அதன் முகவரியை மறக்கவில்லை.

1964இல் பெங்களூரு நீர்வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் அமைந்தது. 1974இல் காவிரி முதற்கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர் நீரைக் கொணர்ந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு அந்நீர் மின்விசையால் ஏற்றப்படுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டம் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. இந்த வேட்கைக்கு மாநில எல்லை கடந்த விலையும் உண்டு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தியபோது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர் முதலிய தேவைகளுக்காக ஒதுக்கப்பட்டது. அதே அளவுக்குத் தமிழகத்தின் பங்கு 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. பெங்களூரில் தூர்ந்த ஒவ்வோர் ஏரியும் தஞ்சையின் வயலுக்கும் தொடர்புடையது என்பது மிகைக்கூற்றன்று. உள்ளே வந்த காவிரி, கழிவாகக் கிழக்கே இறங்குகிறது. பெள்ளந்தூர் ஏரியின் நுரை 2015இல் உலகச் செய்தியாயிற்று. 2017இல் அந்த ஏரி தீப்பற்றி எரிந்தது. அந்நீர்வழியின் கீழே, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும் நுரை பொங்குவதை உழவர்கள் கண்டுவருகின்றனர்.

ஏரிகளை மீட்கும் ஆளுகை முயற்சிகளின் வரலாறும் நீண்டது. 1985இல் என். லட்சுமண் ராவ் தலைமையில் அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. 2002இல் ஏரி மேம்பாட்டு ஆணையம் தோன்றியது. அவ்வாணையம் சில ஆண்டுகளிலேயே ஹெப்பாள், நாகவாரா முதலிய ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. இதை எதிர்த்து 2008இல் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. உயர் நீதிமன்றம் நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரைகளின் அடிப்படையில் 2012இல் தீர்ப்பு வழங்கியது. ஏரி பொதுச்சொத்து என்பது சட்டத்தின் மொழியில் உறுதிப்பட்டது.

அதே காலத்தில் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து வேறொரு முயற்சி எழுந்தது. புட்டேனஹள்ளியில் குடியிருப்போர் 2010இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, அடுத்த ஆண்டு மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஏரியைப் பராமரித்தனர். கைகொண்டரஹள்ளியிலும் ஜக்கூரிலும் இத்தகைய குழுக்கள் செயல்பட்டன. ஜக்கூரில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் முதலில் செயற்கைச் சதுப்பில் பாய்ந்து, நாணலும் கோரையும் மேலும் தூய்மையாக்கிய பின் ஏரியை அடைகிறது. பொதுவளங்களை மக்கள் தாமே விதிவகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் பெங்களூரின் சூழலியலாளர் ஹரிணி நாகேந்திராவும் இந்நகர ஏரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அவர்களது ஆய்வு 2014இல் வெளிவந்தது.

ஆய்வின் பயனை அர்க்காவதி இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஆறு வற்றியதற்கு மழை குறைந்ததே காரணம் என்பது பொதுநம்பிக்கை. ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வீணா சீனிவாசனும் உடன்பணியாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, சாத்தியமான காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. மழையால் மட்டும் வற்றலை விளக்க முடியாது என்றும், நிலத்தடி நீர் உறிஞ்சலும் தைலமரத் தோப்புகளுமே முதன்மைக் காரணங்களாக இருக்கக்கூடும் என்றும் அது கூறியது. பிழையான காரணத்தை நம்பும் ஆளுகை பிழையான தீர்வுக்கே செலவிடும். மழை பொய்த்ததென்றால் யாரும் பொறுப்பில்லை. நீர் உறிஞ்சப்பட்டதென்றால் பொறுப்பு உண்டு.

பயிற்சிக்கும் நல்ல சான்று இந்நகரிலேயே கிடைக்கிறது. 2009இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வாரியம் ஜெயநகரில் அதற்கென ஒரு விளக்கப் பூங்காவையும் அமைத்தது. ஆனால் சட்டத்தைச் செயலாக்கும் கைகள் வேறு எங்கோ இருந்தன. தலைமுறைகளாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர், ஆழ்துளைக் கிணறுகளின் பெருக்கத்தால் பிழைப்பிழந்திருந்தனர். பயோம் அறக்கட்டளை முன்னெடுத்த 'பத்து இலட்சம் கிணறுகள்' இயக்கம் அவர்களை மீட்டூட்டக் கிணறு வெட்டுவோராக மீண்டும் களத்துக்கு அழைத்தது. கப்பன் பூங்காவின் பழங்கிணறுகள் அவர்கள் கையால் தூர்வாரப்பட்டு மீண்டும் நீர் கண்டன. இங்கே ஆசிரியர் யார், மாணவர் யார் என்று பிரிப்பது எளிதன்று. நீரியலாளர் நிலத்தடிப் பாறையின் வரைபடத்தைத் தருகிறார். எந்த ஆழத்தில் ஊற்று கசியும் என்பதைக் கிணறு வெட்டுபவர் சொல்கிறார்.

எனினும் 'சமூகப் பங்கேற்பு' என்னும் தொடரை ஐயத்தோடு அணுக வேண்டும். எந்தச் சமூகம்? மீட்கப்பட்ட ஏரிகள் பலவற்றில் வேலியும் நடைபாதையும் வந்தன. காலையில் நடப்பவர்கள் பெருகினர். மாடு மேய்ப்பவரும் புல் அறுப்பவரும் துணி வெளுப்பவரும் வெளியே நின்றனர். அன்று நீருகண்டி கரையைக் காத்தார், விளைந்த நிலம் பிறருடையது. இன்று ஏரி பொதுவுடைமை, கரையில் இடம் சிலருக்கே. மறுபுறம், குடிமக்கள் குழுக்களின் நிலையும் உறுதியானதன்று. 2020இல் தனியார் நிறுவனங்களுடனான ஏரி ஒப்பந்தங்களுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, தன்னார்வக் குழுக்களின் ஒப்பந்தங்களும் புதுப்பிக்கப்படாமல் நின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் மாநகர மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடைபெறவில்லை. 2025இல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. ஏரிச்சங்கிலியோ எந்த மாநகராட்சியின் எல்லையையும் அறியாது.

2024 கோடையில் அரசின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வற்றியதாக அமைச்சர்களே அறிவித்தனர். அப்போது எழுந்த கேள்வி, அடுத்த ஆற்றை எங்கிருந்து கொணர்வது என்பதாகவே இருந்தது. இதற்குச் சொல்வரலாறு வேறொரு விடையைச் சுட்டுகிறது. 'கெரெ' என்ற சொல்லில் காவல் உள்ளது. அக்காவலைப் பிறப்பின் பெயரால் ஒருவர்மீது சுமத்திய முறை ஒழிந்தது நன்று. அதனிடத்தில் பயிற்சியும் ஊதியமும் சட்டத் தகுதியும் கொண்ட நீர்க்காவலர் பணி ஒவ்வோர் ஏரிக்கும் உருவாக வேண்டும். அவரது அளவீடு ஆய்வாளருக்குச் செல்ல வேண்டும். ஆய்வாளரின் முடிவு கரையோர மக்களின் மொழியில், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும், திரும்பி வர வேண்டும். குழாயின் முனையில் நிற்பவர் நுகர்வோர். கரையில் நிற்பவரே பொறுப்பாளர். பெங்களூரு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முதல்வகையினரைப் பெருக்கியது. இரண்டாம் வகையினரை உருவாக்கும் பணி இன்னும் சில ஏரிக்கரைகளைத் தாண்டவில்லை.