பொருளின் பெயர்

தோழி ஒருத்தி பழைய டிசைனர் கைப்பைகளை வாங்கி, வெட்டி, கம்மல் செய்கிறாள். விற்பதற்கு ஒரு தளம் எழுதித் தரச் சொன்னாள். இரண்டு ராத்திரியில் முடிய வேண்டிய வேலை, ‘பொருளின் பெயர்’ என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டது. ‘லூயி விட்டான் கம்மல்’ என்று போடலாமா?

“கான்வாஸ் அவங்களோடதுதானே? ஒரிஜினல்தானே?” என்றாள்.

கான்வாஸ் ஒரிஜினல். கம்மல்? இந்தக் கேள்விக்குப் பின்னால் அமெரிக்க நீதிமன்றங்களில் நூறு வருஷ வரலாறு இருக்கிறது.

பிரெஸ்டனெட்ஸ் என்ற நிறுவனம் கோட்டியின் அசல் பவுடரை வாங்கி, கெட்டியாக அழுத்தி, உலோக டப்பியில் அடைத்து விற்றது. சென்ட்டைச் சின்னக் குப்பிகளுக்கு மாற்றியும் விற்றது. கோட்டி வழக்குப் போட்டது. 1924இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோம்ஸ், முத்திரையின் சொந்தக்காரருக்கு அந்தச் சொல்லே சொத்தாகிவிடாது என்றார். உண்மையைச் சொல்ல அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தலாம், ஏமாற்றத்தான் கூடாது. ‘எங்களுக்கும் கோட்டிக்கும் தொடர்பில்லை, சரக்கு மட்டும் அவர்களுடையது’ என்று லேபிளில் எழுத வேண்டும். அதில் ‘கோட்டி’ மட்டும் பெரிய எழுத்தில் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

1947இல் ஸ்பார்க் பிளக். தேய்ந்துபோன சாம்பியன் பிளக்குகளைச் சேகரித்து, சரிசெய்து, அதே பெயரில் ஒருவர் விற்றார். பெயர் இருக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் ‘ரிப்பேர் செய்தது’ அல்லது ‘பழையது’ என்று பிளக்கின் மேலேயே தெளிவாகப் பதிக்க வேண்டும். அதே தீர்ப்பில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாற்றம் அளவு மீறிப் போனால், அப்படிப் பதித்தாலும் பழைய பெயர் பொய்யாகிவிடலாம்.

பிளக் சரியான பிறகும் பிளக்தான். பை கம்மலானால் அது பை இல்லை. டெக்சாஸில் இதே தொழில் செய்த ஒரு நிறுவனத்தின் மேல் லூயி விட்டான் வழக்குத் தொடுத்தது. 2022இல் 6,03,000 டாலருக்கு உடன்பட்டு முடித்துக்கொண்டார்கள். வாதங்களை எடைபோட்டு வந்த தீர்ப்பு இல்லை அது. ஆனால் சின்னக் கடைக்காரர்களுக்கு அந்தத் தொகையே தீர்ப்பு மாதிரிதான்.

ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். கொலராடோவின் வார்ட்டிக் நிறுவனம் பழைய ஹாமில்டன் பாக்கெட் கடிகாரங்களைக் கைக்கடிகாரமாக மாற்றியது. முகப்பில் ‘ஹாமில்டன்’ அப்படியே இருந்தது. பின்பக்க வளையத்தில் ‘வார்ட்டிக்’ என்று பொறித்திருந்தார்கள், விளம்பரத்திலும் முழுக்கதையைச் சொன்னார்கள். வாங்குபவர் குழம்ப வாய்ப்பில்லை என்று 2021இல் மேல்முறையீட்டிலும் வார்ட்டிக் பக்கமே தீர்ப்பு வந்தது.

எங்கள் உலகத்திலும் இது நடந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் நிரலை யாரும் மாற்றலாம், ஆனால் மாற்றியதை அந்தப் பெயரில் தரக் கூடாது என்று மொசில்லா சொன்னதால், 2006இல் டெபியன் அதற்கு ‘ஐஸ்வீசல்’ என்று பெயர் வைத்தது. பத்து வருஷம் கழித்துத்தான் சமாதானம்.

இவற்றைப் படித்தபின் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். உண்மை பொருளோடு சேர்ந்து பயணிக்க வேண்டும். பிளக்கில் பதித்த சொல் பிளக்கோடு போகும். கம்மலோடு வரும் அட்டை அலமாரியில் தங்கிவிடும். காதில் தெரிவது முத்திரை மட்டும்தான்.

தோழியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அந்த முத்திரை தெரியலன்னா யாருடா வாங்குவாங்க?”

நூறு வருஷமாக நீதிமன்றங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்டதை ஒரே வரியில் கேட்டுவிட்டாள். விற்பது உன் கைவேலையா, அவர்கள் பெயரா?

அடுத்த வாரம் பையின் உள்பட்டையிலிருந்து, முத்திரை எதுவும் இல்லாமல், ஒரு ஜோடி செய்து அனுப்பினாள். பின்பக்கத்தில் அவள் பெயரின் முதலெழுத்து. பெயர்க் கட்டத்தில் அவள் பெயரையே போட்டேன். இதுவரை ஒரு ஜோடி விற்றிருக்கிறது.