மூன்று வழிகளில் ஆஸ்திரேலியா வந்த எஞ்சின்

ஆஸ்திரேலியாவில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிறவர்களிடம் வந்து சேரும் எஞ்சின்களில் ஒன்று, லேலண்ட் பி76 காரின் அலுமினிய வி8. இன்னொன்று, ஹோல்டன் கமோடோரின் இரும்பு வி6. இரண்டும் வெவ்வேறு கம்பெனிகளின் கார்கள். ஆனால் எஞ்சின்கள் இரண்டும் பங்காளிகள். அமெரிக்காவில் ப்யூக் நிறுவனத்தில் பிறந்த ஒரே குடும்பம். பிறந்த வீட்டிலேயே கைகழுவப்பட்ட அந்தக் குடும்பம் உலகைச் சுற்றி, மூன்று தனித்தனி வழிகளில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தது.

1961 மாடல் வண்டிகளுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வி8ஐக் கொண்டுவந்தது. 3.5 லிட்டர் கொள்ளளவு; எடை சுமார் 144 கிலோதான். இரும்பில் செய்த அன்றைய வி8கள் இதைவிட எவ்வளவோ கனம். ப்யூக் ஒரு வடிவத்தையும், சகோதர நிறுவனமான ஓல்ட்ஸ்மொபைல் தனக்கென்று ஹெட்டை மாற்றி இன்னொரு வடிவத்தையும் செய்தன. தொல்லை வார்ப்பில் தொடங்கியது. இரும்பு லைனர்களை அச்சில் நிறுத்தி, சுற்றிலும் உருக்கிய அலுமினியத்தை ஊற்ற வேண்டும். நுண்துளை விழுந்த பிளாக்குகள் கழிவுக்குப் போயின. விற்ற வண்டிகளிலும் நிம்மதி இல்லை. அலுமினியத்துக்கு ஒவ்வாத கூலன்ட்டை ஊற்றினார்கள். அரிப்பில் வந்த கசடு ரேடியேட்டரை அடைத்தது. அதற்குள் இரும்பையே மெல்லிய சுவராக வார்க்கும் வித்தையும் கைவந்துவிட்டது. 1963 மாடலோடு அலுமினிய வி8க்கு முழுக்குப் போட்டார்கள்.

அது ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் வழிதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மெல்போர்னின் ரெப்கோ, 1922இல் ஜெஃப் ரஸ்ஸல் தொடங்கிய எஞ்சின் கிரைண்டிங் பட்டறையிலிருந்து வளர்ந்த நிறுவனம். தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்வது, கிராங்கைக் கடைந்து கொடுப்பது, பிஸ்டனும் பேரிங்கும் விற்பது: இதுதான் தொழில். 1966இல் ஃபார்முலா ஒன் விதி மாறி எஞ்சின் அளவு 3 லிட்டராக உயர்ந்தபோது, பல அணிகளிடம் பொருத்தமான எஞ்சின் இல்லை. ஆஸ்திரேலியப் பந்தய வீரர் ஜாக் பிராபம் தன் தாய்நாட்டின் ரெப்கோவிடம் போனார். வின்சென்ட் மோட்டார்சைக்கிள் எஞ்சின்களால் பெயர்பெற்ற ஃபில் இர்விங், கைவிடப்பட்ட ஓல்ட்ஸ்மொபைல் பிளாக்கை அடித்தளமாக வைத்துப் புதிய எஞ்சினை வரைந்தார். ஃபெராரியின் குதிரைசக்தி அதற்கு இல்லை. ஆனால் எடை குறைவு, நம்பி ஓட்டலாம். அந்த ஆண்டு பிராபம் உலக சாம்பியன் ஆனார். தன் பெயர் தாங்கிய காரில் பட்டம் வென்றவர் வரலாற்றில் அவர் ஒருவரே. ரிப்பேர் பட்டறையாய்ப் பிறந்த கம்பெனி உலக சாம்பியனின் காருக்கு எஞ்சின் கொடுத்தது!

இரண்டாவது வழி இங்கிலாந்து வழியாக. ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், தங்கள் எஞ்சின்களைப் படகுகளுக்கு விற்கும் பேச்சுக்காக அமெரிக்காவின் மெர்க்குரி மரைன் நிறுவனத்துக்குப் போனார். விற்கப் போனவர் அங்கே கிடந்த ப்யூக் வி8ஐப் பார்த்துவிட்டு வாங்குகிறவராகத் திரும்பினார். 1965இல் உரிமம் கைக்கு வந்தது. ஆனால் வரைபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த ப்யூக் எஞ்சினியர் ஜோ டர்லே இங்கிலாந்துக்கே வந்து உதவினார். வார்ப்பு முறையை ரோவர் மாற்றியது: மணல் அச்சில் பிளாக்கை வார்த்து, லைனரைப் பிறகு அழுத்திச் செருகினார்கள். 1967இல் ரோவர் காரில் ஏறிய எஞ்சின் 1970இல் ரேஞ்ச் ரோவருக்குப் போனது. பிறகு எம்ஜிபிக்கும் எஸ்டி1 காருக்கும். அந்த எஸ்டி1இன் உடல்தான் 1985இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் வந்தது. நமக்கு உடல் மட்டும் கிடைத்தது. வி8 வரவில்லை, உள்ளே இருந்தது பழைய வான்கார்ட் வம்சத்தின் நாலு சிலிண்டர்.

ரோவரோடு ஒரே குழுமத்தில் இருந்த ஆஸ்திரேலிய லேலண்ட் அந்த எஞ்சினை இன்னும் பெரிதாக்கியது. பிளாக்கை உயர்த்தி, ஸ்ட்ரோக்கை போர் அளவுக்கே கொண்டுவந்தார்கள், இரண்டும் 88.9 மி.மீ., மொத்தம் 4.4 லிட்டர். 1973இல் வந்த பி76இல் அதைப் பொருத்தினார்கள். முன்பக்கம் கனம் குறைந்த அந்தக் காருக்கு ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங். போட்டியாளரான ஹோல்டன் எச்.க்யூ. அப்போது ரீசர்குலேட்டிங் பால் ஸ்டியரிங்கோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. ‘வீல்ஸ்’ இதழ் பி76 வி8ஐ ஆண்டின் சிறந்த கார் என்றது. 1974 உலகக் கோப்பை ராலியில், சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பாதையில் இவான் கிரீனின் பி76 எல்லோரையும் முந்தியது. நல்ல கார்தான். ஆனால் உதிரிபாகத் தட்டுப்பாடும், தரக் குறைகளும், எண்ணெய் விலையேற்றமும் ஒன்றாகச் சேர்ந்தன. 1974இலேயே சிட்னி தொழிற்சாலை மூடப்பட்டது. செய்தவை சுமார் 18,000 கார்கள்.

மூன்றாவது வழி இன்னும் விசித்திரம். அந்த வி8ஐ வைத்து இரும்பில் வி6 ஒன்றையும் ப்யூக் 1962 மாடலுக்குச் செய்திருந்தது. 1967இல் அதன் இயந்திரத் தளவாடங்களை ஜீப் தயாரித்த கைசர் கம்பெனிக்கு விற்றார்கள். 1974இல், எண்ணெய் நெருக்கடியின்போது, அவற்றையே திருப்பி வாங்கினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் 1986இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததும் ஹோல்டன் ஜப்பானிலிருந்து நிசான் எஞ்சினை வரவழைத்தது. யென் மதிப்பு ஏறியது, விலை கட்டவில்லை. 1988இல் கமோடோர் ப்யூக் வி6க்கு மாறியது. ஆக, ஹோல்டனின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் விற்று மீட்ட சொத்து மெல்போர்னில் உயிர்பெற்றது.

இனி பட்டறைக்கு வருவோம். 4.4 வி8ஐ ரீபில்ட் செய்கிறவர்கள் முதலில் கேம்ஷாஃப்ட்டைப் பார்ப்பார்கள். ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் முனைகள் தேய்ந்து மழுங்கியிருக்கும். பூட்டும்போது ஆயில் பம்ப்பின் கியர்களுக்கிடையே பெட்ரோலியம் ஜெல்லியை நன்றாக அப்பி நிரப்புவார்கள். காலியாக விட்டால் பம்ப் ஆயிலை இழுக்காது. முதல் ஸ்டார்ட்டிலேயே பேரிங்குகள் காய்ந்து சுழலும். ஸ்டியரிங் ராக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் ராக்கின் நடுப் பற்களே அதிகம் தேய்கின்றன. அந்த நடுப்பகுதி பிளேயைப் போக்க அட்ஜஸ்டரை இறுக்கினால், முழுக்கத் திருப்பும்போது ஸ்டியரிங் சிக்கும். தேய்ந்த ராக்கை மாற்றுவதுதான் ஒழுங்கான வழி. கிழிந்த ரப்பர் பூட்டை அன்றே மாற்றியிருந்தால் உள்ளே மண் போயிருக்காது.

அலுமினிய எஞ்சின் இன்று நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. நம் கார்களில் பெரும்பாலானவற்றின் ஹெட் அலுமினியம்தான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் போர்வெல் குழாயைத் திருப்பிவிடாதீர்கள். கையேட்டில் சொன்ன கூலன்ட்டை, சொன்ன அளவில் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுங்கள். காலம் வந்ததும் முழுக்க வடித்து மாற்றுங்கள்.